வீட்டில் இரண்டாவது கார்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு நங்கநல்லூரில். பெரிய கார் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. 2021இல் புதிதாக வாங்கியது. சிறியது ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டி. 2014ஆம் ஆண்டு மாடல், இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. இரண்டாவது கார் வாங்க நினைக்கும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது கார் அவசியம்தானா? கால் டாக்சி போதாதா?

பணத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலான வீடுகளுக்குக் கால் டாக்சியே போதும். இரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய சிறிய காரை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அதன் விலை ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் இறங்கும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கிவைக்க வேண்டிய தொகை எல்லாம் சேர்ந்தால் இன்னொரு இருபத்தைந்தாயிரம். ஒரு சொட்டுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே மாதம் நாலாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. அந்தப் பணத்தில் தி. நகருக்கும் மயிலாப்பூருக்கும் எத்தனை முறை டாக்சியில் போய் வரலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கணக்கு மாறும் வீடுகளும் உண்டு. கணவருக்கு வேலை அம்பத்தூரில், மனைவிக்கு சோழிங்கநல்லூரில், இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஒரு கார் போதாது. வாரம் இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய பெரியவர் இருந்தாலும் அப்படித்தான். அடைமழை நாளில் உங்கள் தெருவின் பெயரைப் பார்த்ததுமே டாக்சிக்காரர் பயணத்தை ரத்து செய்கிறார் என்றால் அதுவும் ஒரு காரணம்தான்.

மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில் இருப்பவர்கள் மறுபடியும் யோசிக்கலாம். இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களும், அதாவது மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர், சேர்ந்து ஏறக்குறைய 119 கிலோமீட்டர். அந்தப் பாதையில் வீடு இருந்தால் இரண்டாவது காருக்கு ஏங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

இரண்டு காரில் எது முதன்மையானது? பெரியதுதானே?

விலையில் பெரியதுதான். ஓட்டத்தில் அப்படி இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்: சென்னையில் சிறிய கார் வீட்டுக்குள் வந்த சில வாரங்களிலேயே அதுதான் முதல் காராக மாறிவிடும். 'இரண்டாவது' என்று நாம் பெயர் வைத்தது அன்றாடம் ஓடும். முதன்மையானது கொட்டகையில் நிற்கும்.

காரணம் எளிது. நகரத்துக்குள் நம் பயணங்களில் பெரும்பாலானவை ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிகிறவை. இன்னோவா கிரிஸ்டா ஒன்றின் நீளம் 4.7 மீட்டர், ஆல்டோ 800இன் நீளம் 3.4 மீட்டர் சொச்சம். இந்த ஒன்றேகால் மீட்டர் வித்தியாசம் திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு பொருட்டே இல்லை. மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவே வண்டியை நுழைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பெரிய காரில் போனால் காய்கறி வாங்கும் நேரத்தைவிட நிறுத்த இடம் தேடும் நேரம் அதிகம். ஒரு கட்டத்தில் கை தானாகவே சின்னச் சாவியை எடுக்கத் தொடங்கிவிடும்.

அதனால் வாங்கும்போதே 'எப்போதாவது ஓட்டுவதுதானே, எப்படி இருந்தால் என்ன' என்று எண்ணாதீர்கள். பிரேக்கும் ஏசியும் உட்காரும் வசதியும் சிறியதில்தான் நன்றாக இருக்க வேண்டும். மே மாதம் மதியம் கத்திப்பாரா நெரிசலில் உங்களோடு இருக்கப்போவது அதுதான்.

அப்படியானால் பெரிய கார் சும்மா நிற்பதால் கேடு ஏதும் உண்டா?

உண்டு. டீசல் என்றால் கூடுதலாகவே உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் அது நடப்பதே இல்லை. பாதியில் நின்று நின்று கரி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பிறகு சர்வீஸ் நிலையம்.

எங்கள் வீட்டு வழக்கம் இது. ஊருக்குள் சிறியது மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு அதிகாலையில் பெரியதை எடுத்து வண்டலூர் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் வரை ஒரு நடை. அப்படியே காஞ்சிபுரமோ திருக்கழுக்குன்றமோ போய் வந்தால் கோயில் தரிசனமும் ஆயிற்று, வடிகட்டியும் சுத்தமாயிற்று. இனிமேல் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: நெடுஞ்சாலைப் பயணம் மாதம் ஒன்றுகூட இல்லை என்றால் பெரிய காரையும் பெட்ரோலிலேயே வாங்குங்கள்.

மாற்றி மாற்றி ஓட்டினால் கை பழகுமா?

முதல் சில வாரங்கள் சிரிப்பாகத்தான் இருக்கும். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா வண்டிகளில் இன்டிகேட்டர் கம்பி வலப்பக்கம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் இடப்பக்கம். இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருந்தால், வலப்பக்கம் திரும்பும்போது மழையே இல்லாமல் வைப்பர் ஆடும். ரிவர்ஸ் கியர் இருக்கும் இடமும் மாறும்.

கவலைப்பட வேண்டியது கியரைப் பற்றித்தான். ஒன்று கியர் வண்டி, மற்றொன்று ஆட்டோமேட்டிக் என்றால், ஆட்டோமேட்டிக்கில் இடது கால் கிளட்சைத் தேடிப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருபவர் இடித்துவிடுவார். இடது காலை உள்ளிழுத்து இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் பழகிவிடும்.

என்னைக் கேட்டால் சிறியது ஆட்டோமேட்டிக்காகவும் பெரியது கியர் வண்டியாகவும் இருப்பதுதான் பொருத்தம். நம் ஊரில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரிலேயே போகும் வண்டிக்கு ஆட்டோமேட்டிக், கிண்டி நெரிசலில் நொடிக்கொரு தரம் கிளட்ச் மிதிக்கும் வண்டிக்குக் கியர்.

ஒன்று டீசல், ஒன்று பெட்ரோல். பங்கில் மாற்றிப் போட்டுவிட்டால்?

இரண்டு கார் வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். பெட்ரோல் குழாயின் முனை சிறியது. டீசல் காரின் வாயில் எளிதாக நுழைந்துவிடும். டீசல் குழாய் பெரியது, பெரும்பாலான பெட்ரோல் கார்களில் நுழையாது. ஆகவே ஆபத்து டீசல் காருக்குத்தான். டீசல் காரில் உயரழுத்த பம்புக்கு டீசலே எண்ணெய்ப்பசை; பெட்ரோல் போனால் அது உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்துவிடும்.

தெரிந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: சாவியைத் தொடாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கைக் காலி செய்ய ஆளை அழையுங்கள். ஸ்டார்ட் செய்யாதவரை செலவு சில ஆயிரங்களோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் லட்சத்தைத் தொடும். மூடியின் உள்பக்கம் 'டீசல்' என்று தமிழில் பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய காரியம்.

அபார்ட்மென்டில் ஒரு இடம்தான் இருக்கிறது. இரண்டாவதை எங்கே நிறுத்துவது?

காருக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பணம் பிறகு எப்படியும் வரும், இடம் வராது.

முதலில் உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தைத் தனியே விலைக்கு விற்றதாகப் பில்டர்கள் சொல்வார்கள். திறந்தவெளி இடமும் தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தள இடமும் பொதுப்பகுதி, அவற்றைத் தனி வீடுபோல விற்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் அன்றாட வாழ்க்கையில் செல்லுபடியாவது அசோசியேஷனின் ஒதுக்கீடுதான். காலி இடம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மாத வாடகை பேசி, அதை அசோசியேஷன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை அவர் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பும் நாள் வரைதான் நிற்கும்.

ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்த நீளம் இருந்தால் நல்லது. அப்போது காலையில் முதலில் கிளம்பும் வண்டி வெளிப்பக்கம் நிற்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் மாற்றுச் சாவி வீட்டில் ஒரே ஆணியில் தொங்க வேண்டும். வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து 'எடுத்துப் போட்டுவிடுங்கள்' என்று சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடு இல்லை. அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால், உரசினால் இன்சூரன்ஸும் வராது, அந்த ஏழை மனிதர் மேல் பழியும் விழும்.

தெருவில் நிறுத்துவது கடைசி வழி. எதிர்வீட்டு வாசல், குப்பை வண்டி திரும்பும் முனை, தண்ணீர் லாரி நிற்கும் இடம் இந்த மூன்றையும் விட்டால் பாதிச் சண்டை குறையும்.

இரண்டாவது காரைப் புதிதாக வாங்குவதா, பழையதா?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நாலு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் இருக்க வேண்டும். ஆகவே முன்பைவிடப் புதிது வாங்கும் ஆசை நியாயமானது. ஆனால் தமிழ்நாட்டின் ஆயுள் வரி 2023 நவம்பரில் ஏறியதை மறக்க வேண்டாம்: ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம். பழைய காரில் அந்த வரியை முதல் உரிமையாளர் கட்டி முடித்திருப்பார்.

ஆண்டுக்கு ஐந்தாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓடும் என்றால் பழையது. தினமும் அலுவலகத்துக்கு, பத்தாண்டு வைத்திருக்கப் போகிறேன் என்றால் புதியது. இடைப்பட்டவர்கள் முதல் கீறல் விழும்போது தமக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை நினைத்துப்பார்த்து முடிவு செய்யலாம். பழைய காரின் பெரிய இன்பமே அந்த வலி இல்லாததுதான்.

பழைய காரில் எதைப் பார்க்க வேண்டும்?

மெக்கானிக்கை அழைத்துப்போங்கள் என்பது எல்லோரும் சொல்வது. சென்னையில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் எத்தனையோ கார்களை மூழ்கடித்தன. அவை எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை. கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தவையும் உண்டு.

சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நுனிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள். முன் இருக்கைக்கு அடியில் தண்டவாளம்போல் ஓடும் இரும்பில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், ஹெட்லைட்டுக்குள் பனி படர்ந்த நீர், தரை விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருப்பது இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஊறிய துணியின் வாடையை எந்த வாசனைத் திரவியமும் முழுதாக மறைக்காது. வாசலில் நறுமணம் ஆளைத் தூக்கினால் அதுவே ஓர் எச்சரிக்கை.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதியில் வெட்டவெளியில் நின்ற வண்டி என்றால் அடிப்பாகத்தையும் கதவுகளின் கீழ் விளிம்பையும் பாருங்கள். உப்புக்காற்று பெயிண்டுக்கு உள்ளிருந்து தின்னும்.

காகிதத்தில்: மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம், இன்சூரன்ஸ், கடன் பதிவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடன் பதிவு இருந்தால் விற்பவரே படிவம் 35 கொடுத்து நீக்கித் தரட்டும். 'நீங்கள் பணம் கொடுங்கள், அடுத்த வாரம் எடுத்துவிடலாம்' என்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

உற்பத்தியை நிறுத்திய நிறுவனத்தின் கார் மலிவாகக் கிடைக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022இல் நின்றது. அந்தக் கார்கள் ஓட்டுவதற்கு அருமையானவை, சர்வீஸும் தொடர்ந்தது. இருந்தாலும் ஒரு வண்டி உதிரிபாகத்துக்காக நாள்கணக்கில் நிற்பதை முதல் கார் இருக்கும் தைரியத்தில்தான் பொறுக்க முடியும். அந்த வகையில் இரண்டாவது காருக்கு ஏற்ற சூதாட்டம்தான்.

பாண்டிச்சேரி பதிவெண் கொண்ட கார் விலை குறைவாக வருகிறது. வாங்கலாமா?

தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் எண் போட்டுத் தருவது யார் பொறுப்பு என்று எழுத்தில் பேசிக்கொண்டு வாங்கலாம். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. வரியையும் அலைச்சலையும் கூட்டினால் விலை குறைவு என்பது பெரும்பாலும் கரைந்துவிடும்.

யார் பெயரில் பதிவது? கணவர் பெயரிலா, மனைவி பெயரிலா?

இரண்டு கார்களையும் ஒரே பெயரில் வைப்பதில் சில லாபங்கள் உண்டு. உரிமையாளர்-ஓட்டுநருக்குக் கட்டாயமான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஒரு காருக்கு எடுத்திருந்தால் இரண்டாவதற்கு மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடுவார். பார்த்து நீக்கச் சொல்லுங்கள். ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்குச் சேர்த்து ஒரே பாலிசி தரவும் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. அதற்கும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதையும் மீறி எங்கள் சிறிய கார் என் மனைவி பெயரில்தான் இருக்கிறது. அதிகம் ஓட்டுபவர் அவர். ஆர்.சி.யில் தன் பெயர் இருப்பவருக்குத்தான் ஆயில் மாற்றும் தேதி நினைவில் இருக்கும் என்பது என் அனுபவம். அவருக்கு விபத்துக் காப்பீடு தனியாக எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். யார் பெயரில் இருந்தாலும் நாமினியையும் ஆர்.சி.யில் பதிந்துவிடுங்கள், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது.

பெயர் ஒன்று, ஓட்டுபவர் வேறு என்பதால் இழப்பீட்டுக்குச் சிக்கல் இல்லை. இங்கே காப்பீடு வண்டியைத் தொடர்ந்து போவது; செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவர் உங்கள் அனுமதியோடு ஓட்டினாலும் பொருந்தும்.

பழைய காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போதாதா?

சட்டத்துக்குப் போதும். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமான காப்பீடு அது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி ஆயிரம் சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி தனி. சிறிய காரின் ஒரு லாபம் இங்கேயே தெரிகிறது.

நீங்கள் மேட்டுப்பகுதியில் இருந்து, வண்டியின் மதிப்பும் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணை என்றால் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது.

முதல் காரில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் இரண்டாவதற்கும் கிடைக்குமா?

கிடைக்காது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் இந்த போனஸ். அது உரிமையாளரோடு சேர்ந்ததுதான், 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவதுதான். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு வண்டிக்கே பயன்படும். இரண்டாவது கார் சுழியத்திலிருந்து தொடங்கும். பழைய காரை வாங்கும்போது விற்றவரின் போனஸும் உங்களுக்கு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். மாற்றுவதை 14 நாளுக்குள் முடியுங்கள். முதல் காரை விற்றுவிட்டால் சான்றுக் கடிதம் வாங்கி வைத்து மூன்றாண்டுக்குள் வேறு காருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் இரண்டு காரையும் எப்படிக் காப்பது?

ஒரு காரோடு ஓடுவதே பெரும்பாடு. இரண்டு என்றால் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்பதை அந்த இரவில்தான் உணர்வீர்கள். 2023க்குப் பிறகு வேளச்சேரிக்காரர்கள் முதல் அறிவிப்பு வந்ததுமே மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரிலும் அதுவே நடந்தது. முன்கூட்டியே ஒரு மேட்டு இடம் பார்த்து வையுங்கள்: உறவினர் வீடு, அலுவலகத்தின் மேல்தளப் பார்க்கிங். அடித்தளப் பார்க்கிங் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இடம் ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்றால் எதை ஏற்றுவது? நான் பெரியதை ஏற்றுவேன். அதன் தரையிலிருந்து உயரம் அதிகம் என்பதால் அது தாங்கும் என்று சிலர் கீழே விடுகிறார்கள். தெருவில் ஓடும் தண்ணீருக்கு அந்த உயரம் உதவும். இடுப்பளவு தேங்கும் தண்ணீருக்கு உதவாது. அதில் உள்ள மின்னணுப் பெட்டிகளின் விலையில் சிறிய காரையே வாங்கிவிடலாம்.

நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆவலை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஏற்படும் இன்ஜின் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் பேச முடியும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, புகைப்படம் எடுத்து, கட்டி இழுத்துப்போக வண்டியை வரவழையுங்கள்.

நிற்கும் காருக்கு வாராவாரம் என்ன செய்ய வேண்டும்?

தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து உறும வைக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அது பேட்டரிக்கு நல்லது செய்வதில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அந்த ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள், போதும். டயர் ஒரே இடத்தில் அழுந்துவது, பிரேக் தட்டில் துரு பிடிப்பது, ஏசி வாயுவின் ரப்பர் வளையங்கள் காய்வது எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையைக் கடலோரத்தில் போர்த்துவது துருவுக்கு விருந்து. காற்றுப் போகும் துணி உறை அல்லது வெறும் நிழல் நல்லது.

எலி. இதற்குத் தனிப் பத்தியே வேண்டும். சென்னையில் நிற்கும் காரின் முதல் எதிரி துருவோ வெயிலோ அல்ல, எலிதான். வயர் கட்டு ஒன்றைக் கடித்து வைத்தால் பல ஆயிரம். புகையிலை, நாப்தலின் உருண்டை, கடையில் விற்கும் தெளிப்பான் எல்லாம் சில நாள் வேலை செய்யும். பிறகு எலி அதற்கும் பழகிவிடும். நிலையான வழி இரண்டு: காருக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டியும் நாய்க்கு வைத்த சோறும் இல்லாமல் பார்ப்பது, இரவில் பானட்டைத் திறந்து வைப்பது. இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலிக்கு அங்கே வேலை இல்லை. திறந்த பானட்டைத் தெருவில் நிற்கும் வண்டிக்குச் சொல்ல மாட்டேன். பேட்டரி காணாமல் போகும்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் டேங்கில் மாதக்கணக்கில் தேங்கவிடாமல் ஓட்டித் தீர்த்து நிரப்புங்கள். சர்வீஸின்போது ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஃபாஸ்டேகை இரண்டு காருக்கும் மாற்றி ஒட்டலாமா?

கூடாது, வண்டிக்கு ஒன்று. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டு பாஸும் அப்படித்தான். 200 சுங்கச்சாவடிக் கடப்புகள் அல்லது ஓராண்டு, எது முன்னதோ அதுவரை. அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும். ஆகவே பெரிய காருக்குப் போடுங்கள். பரனூரில் செல்லும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் உத்தண்டியில் செல்லாது.

மின்சாரக் காரை இரண்டாவதாக வாங்கலாமா?

ஊருக்குள் ஓட இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்றே நினைக்கிறேன். வெளியூருக்கு முதல் கார் இருப்பதால் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறிய பேட்டரி கொண்ட மாடலே போதும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீண். தடை ஒன்றுதான்: உங்கள் நிறுத்துமிடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து வயர் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். அதை எழுத்தில் வாங்கிய பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

சும்மா நிற்கும் காரை வாடகைக்கு விட்டால் என்ன?

வெள்ளைப் பலகை வண்டியைக் கூலிக்கு விடக் கூடாது. மஞ்சள் பலகையும் பர்மிட்டும் வேண்டும். தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். தெரிந்தவர்தானே என்று கல்யாணத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்குவதும் இதில் அடக்கம்.

ஆடி மாதத்தில் வாங்கலாமா?

நம்பிக்கை உள்ளவர்கள் ஆவணி வரை பொறுங்கள். இல்லாதவர்களுக்கு ஆடிதான் நல்ல காலம். பழைய கார் விற்பவர் விலையில் இறங்கிவரும் மாதம் அது. பேசி முடித்து முன்பணம் கொடுத்துவிட்டு, ஆவணியில் வண்டியை எடுத்து எலுமிச்சம்பழம் நசுக்குபவர்களும் உண்டு. இருபக்கமும் திருப்தி.

பதினைந்து ஆண்டு ஆனால் காரைக் கழித்துவிட வேண்டுமா?

வேண்டாம். டீசலுக்குப் பத்தாண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து என்பது டெல்லி வட்டாரத்துக்கு வந்த கட்டுப்பாடு. இங்கே 15 ஆண்டு முடிவில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். இருபது ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு அதை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள்.

இரண்டில் ஒன்றை விற்கும்போது எதை மறக்கக் கூடாது?

ஆர்.சி. பெயர் மாற்றத்தை. வாங்கியவர் பணம் கொடுத்து வண்டியை எடுத்துப்போய்விட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு மட்டும் கொடுத்துவிட்டுக் கன்சல்டிங்காரரை, அதாவது பழைய கார் தரகரை, நம்பி உட்காராதீர்கள். 14 நாளுக்குள் நீங்களே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, பெயர் மாறியதை பரிவாஹனில் பாருங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் குறித்து வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டு வங்கிக்குச் சொல்லிக் கணக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் வண்டி உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும், பணம் உங்களுடையது.